கவுந்தி பேசினாள், நாம்?

இரவு எட்டரை மணி. ஒன்றரை ஷிப்ட் முடிந்து பனியன் கம்பெனிகள் தம் ஆட்களை வெளியே அனுப்பும் நேரம். ஓவர்லாக் இயந்திரங்கள் ஓய்கின்றன. செக்கிங் மேசைகளின் விளக்குகள் அணைகின்றன. பல்லடம் சாலையும் அவிநாசிச் சாலையும் மனிதர்களால் நிறைகின்றன. கையிலே சோற்றுப் போசி, தோளிலே துணிப்பை, கூந்தலிலே ஒட்டிய பஞ்சுத்தூசி, இந்தக் கோலத்தில் ஆயிரமாயிரம் பெண்கள் பேருந்து நிறுத்தங்களில் வந்து நிற்கின்றனர். உலகின் பல நாட்டு மக்கள் உடுத்தும் உடையைத் தைத்துக் கொடுத்த கைகள் அவை.

அத்தகைய ஒரு நிறுத்தத்தில், ஓர் இரவு, நாமும் நின்றிருந்தோம். இரண்டு மோட்டார் சைக்கிள்களில் மூன்று இளைஞர்கள் வந்து நின்றனர். ஒருவன் விசிலடித்தான். இன்னொருவன் சினிமாப் பாட்டின் ஓர் அடியைப் பாடினான். மூன்றாமவன் சொன்னதை இந்த ஏட்டில் அச்சேற்ற நமக்கு மனமில்லை. நின்றிருந்த பெண்களில் ஒருத்தியைக் குறிவைத்தே அத்தனையும். அவள் தலையைத் தாழ்த்தினாள். துப்பட்டாவை இழுத்து விட்டாள். இரண்டடி தள்ளி நின்றாள். அவர்களும் இரண்டடி தள்ளி வந்தனர்.

சுற்றிலும் ஆளில்லாத இடமா அது? இல்லை. தேநீர்க் கடைக்காரர் இருந்தார். ஆற்றிக்கொண்டிருந்த தேநீரை மேலும் ஆற்றினார். பழவண்டிக்காரர் இருந்தார், அடுக்கிய பழத்தை மறுபடி அடுக்கினார். கைப்பேசி வைத்திருந்த நால்வர் இருந்தனர், கைப்பேசியைப் பார்த்தனர். பள்ளி ஆசிரியர் ஒருவரும் இருந்தார். எதிரே இருந்த மருந்துக் கடையின் பெயர்ப்பலகையை அவர் இருமுறை படித்தார். அந்த ஆசிரியர் வேறு யாருமல்லர், நாம்தான்!

பேருந்து வந்தது. ஏறும்போது அவள் திரும்பினாள். மூன்றாண்டுகளுக்கு முன் நம்மிடம் பத்தாம் வகுப்புப் படித்தவள். நம்மைக் கண்டுகொண்டாள். வணக்கம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்த வணக்கத்தைப் பெறும் தகுதியோடு நாமும் அங்கே நிற்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவள் தந்தையைச் சந்தித்தோம். பகலில் கம்பெனி, ஞாயிறுதோறும் அஞ்சல்வழிப் பட்டப் படிப்பு என்று அவள் வகுத்திருந்த வாழ்வு கலைந்துவிட்டிருந்தது. படிப்பை நிறுத்திவிட்டு, விடுதியோடு கூடிய நூற்பாலை ஒன்றில் சேர்த்துவிட்டார்களாம்.

“என்னங்க சார் பண்றது? அந்த முக்குல நிக்கிற பசங்களை நாம கேக்க முடியுமா? நாளைக்கு ஒண்ணுன்னா எம்புள்ளையைத்தானுங்க ஊர் பேசும்?” என்றார் அவர்.

தோழர்களே! வழக்கும் தீர்ப்பும் அந்தச் சொற்களிலே இருக்கின்றன. குற்றம் புரிந்தவர் மூவர். அவர்கள் அதே நிறுத்தத்தில், அதே வண்டிகளில், இன்றும் நிற்கின்றனர். குற்றத்திற்கு ஆளானவள் ஒருத்தி. தண்டனை அவளுக்கு: படிப்பு பறிமுதல், விடுதி வாசம், வாயிற்காவலர் அனுமதித்தால்தான் வெளியுலகம். எந்த நாட்டு நீதி நூலில் இருக்கிறது இத்தகைய தீர்ப்பு? எந்த நூலிலும் இல்லை; ஊரின் நாவிலே இருக்கிறது. அந்த நாவைத்தான் இங்கு ஆராய எடுத்துக்கொண்டோம்.

ஊர் மூன்று வாதங்களைச் சொல்கிறது.

முதல் வாதம்: “சின்னப் பசங்க, விளையாட்டு.” விளையாட்டு என்பது யாது? இரு தரப்பாரும் ஒப்பி ஆடுவது. வேண்டாமென்றால் ஒருவர் விலகிக்கொள்ளக்கூடியது. கபடிக் களத்திலே எல்லைக்கோடு உண்டு. ஆட மறுத்தவனை எவனும் இழுத்து வந்து ஆடவைப்பதில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்றவள் எந்த ஆட்டத்திற்குப் பெயர் கொடுத்தாள்? விலகி நின்றவளை விரட்டி வருவது விளையாட்டானால், பூனை எலியோடு ஆடுவதும் விளையாட்டுத்தான். எலியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்!

இரண்டாம் வாதம்: “அந்த நேரத்தில் அவளுக்குத் தெருவில் என்ன வேலை?” இதைக் கேட்பது திருப்பூர்! தன் செல்வத்தின் பெரும்பகுதியைப் பெண்களின் கை உழைப்பால் பெற்ற ஊர். கப்பல் புறப்படும் நாளுக்குள் சரக்கு முடிய வேண்டுமென்றால் எட்டரை வரை வேலை. அவசரமென்றால் அதற்கு மேலும் வேலை. இரவு வரை இருத்தி வைக்க ஊருக்கு அவள் வேண்டும்; இரவில் வீடு திரும்பினால் மட்டும் அவள் கேள்விக்குரியவள். உழைப்புக்கு ஒரு கண், ஒழுக்கத்துக்கு ஒரு கண்ணா? “கம்பெனிக்குப் போற புள்ள” என்ற சொல்லை எத்தனை வீடுகளில் வசைபோல உச்சரிக்கிறார்கள்! அந்தப் புள்ளை சனிக்கிழமை கொண்டுவரும் சம்பளத்தை எந்த வீடும் வசையென்று தள்ளியதாகக் கேள்விப்பட்டதில்லை.

மூன்றாம் வாதம்: “இதெல்லாம் வெளியூர்க்காரன் செய்வது.” முன்பு தென்மாவட்டத்தாரைச் சுட்டினர், இப்போது வடமாநிலத்தாரைச் சுட்டுகின்றனர். அன்று நாம் கண்ட மூவரும் பேசியது நல்ல கொங்குத் தமிழ்! வெளியூரிலிருந்து பிழைக்க வந்த பெண்ணே அதிகம் சீண்டப்படுகிறாள் என்பதை இவர்கள் சொல்வதில்லை. அவளுக்கு இங்கே அண்ணன் இல்லை, மாமன் இல்லை, சாதிக்காரர் தெரு இல்லை. யாரைச் சீண்டினால் கேட்க ஆள் வரும், யாரைச் சீண்டினால் வராது என்று கணக்குப் போட்டே அந்த நாக்கு நீளுகிறது. அடக்கமுடியாத ஆசை என்பார்களே, அது பொய். அடக்க முடியாதது கணக்குப் பார்க்காது. இது கணக்குப் பார்க்கிறது, சாதியைப் பார்க்கிறது, சட்டைப் பையைப் பார்க்கிறது.

இந்த மூன்று வாதங்களும் எங்கே பயின்று வந்தவை? நமது கலை இதற்குப் பாடசாலை நடத்தியிருக்கிறது என்பதை மறைக்க முடியாது. திரையிலே கதாநாயகன் வருவான். சாலையிலே அவளை மறிப்பான். தோழர்கள் கைதட்ட ஆடுவான், பாடுவான். அவள் முதலில் சினப்பாள், பிறகு சிணுங்குவாள், இடைவேளைக்குள் காதலிப்பாள். ‘வேண்டாம்’ என்ற பெண்ணின் சொல்லுக்கு ‘வேண்டும்’ என்பதே பொருள் என்று தலைமுறை தலைமுறையாக இருட்டறையில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்கள். மூடநம்பிக்கையைச் சாடிய படங்களிலும் இந்தக் காட்சி இடம்பெறாமலில்லை. கோவிலில் நடக்கும் ஏமாற்றைக் கண்டுகொண்ட கண்ணுக்குத் தெருவில் நடக்கும் வன்மம் காதலாகத் தோன்றியது. இந்த விமரிசனத்தைப் பிறர் நம்மீது வைக்கும் முன் நாமே நம்மீது வைத்துக்கொள்வது நல்லது.

“தமிழன் காதலைப் போற்றியவன், அகம் பாடியவன்” என்று மேடையிலே முழங்குகிறோம். மெய். ஆனால் அந்த அகத்தின் இலக்கணத்தைப் படித்தவர் எத்தனை பேர்? தொல்காப்பியம் அகத்திணைகளை ஏழாக வகுத்தது. நடுவிலுள்ள ஐந்தே அன்பின் ஐந்திணை. இருவரும் ஒத்த உள்ளத்தினராய் இணைவது. அந்த ஐந்துக்கு வெளியே, முதலில் ஒன்றும் கடைசியில் ஒன்றுமாக இரண்டை நிறுத்தியது. ஒன்று கைக்கிளை, ஒருபக்க வேட்கை. காமம் இன்னதென அறியாப் பருவத்து இளையவளிடம் ஒருவன் பேசுகிறான். அவளிடமிருந்து மறுமொழி இல்லை. மறுமொழி பெறாமலே தான் பேசியதில் தானே இன்புறுகிறான். இதுவே அதன் குறிப்பு. மற்றொன்று பெருந்திணை, காமம் மிகுந்து வலிந்து செய்வதும் அதில் அடங்கும்.

மறுமொழி பெறாதவன் பேசிக்கொண்டே இருப்பதும், பேசியதிலே தானே களிப்பதும், பேருந்து நிறுத்தத்து நண்பனை அளந்து எழுதியதுபோல இல்லையா? தெருவில் நின்று விசிலடிப்பவன் தன்னை அகத்திணைத் தலைவன் என்று எண்ணிக்கொள்கிறான். இலக்கணமோ அவனை ஐந்திணை வாயிலுக்குள்ளேயே விடவில்லை. பிற்காலப் புலவர் சிலர் மடலேறுதலை மெச்சிப் பாடியதும் உண்டு. அதையும் ஒளிக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒத்த அன்பு வேறு, ஒருபக்க வேட்கை வேறு என்று பிரித்துக் காட்டும் அறிவு நம் மொழிக்குப் பழையது. அந்தப் பிரிவினையை நமது திரை அழித்தது. நமது தெரு மறந்தது.

இலக்கணத்தோடு நிற்பானேன்? சிலப்பதிகாரத்திலேயே இந்தக் காட்சி இருக்கிறது. கண்ணகியின் சிலம்பைப் பற்றிப் பேசுவோர் பலர். அவள் வழியிலே பட்ட இந்த அவமதிப்பைப் பற்றிப் பேசுவோர் சிலரே. நாடுகாண் காதையைத் திறந்து பாருங்கள். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் காவிரியைக் கடந்து தென்கரைச் சோலையொன்றில் தங்குகின்றனர். நடந்து நடந்து மெலிந்த கண்ணகி. அங்கே வருகின்றனர் ஒரு பரத்தையும் அவளோடு திரியும் ஒருவனும். அவனுக்கு இளங்கோ தரும் பெயர் ‘வறுமொழியாளன்’. பொருளற்ற வெற்றுப் பேச்சுக்காரன் என்பது பொருள். எத்தனை நூற்றாண்டுக்கு முன்னே சூட்டப்பட்டது, இன்றும் எப்படிப் பொருந்துகிறது!

காமனும் அவன் துணைவியும் போன்ற இவர்கள் யாரோ என்று அவர்கள் கேட்கின்றனர். “என் மக்கள், வழிநடையால் வருந்தியிருக்கிறார்கள், அணுகாதீர்கள்” என்ற பொருள்பட விடையளிக்கிறாள் கவுந்தி. அவர்கள் விட்டார்களா? ஒரு வயிற்றில் பிறந்தோர் கணவனும் மனைவியுமாக வாழ்வது நீர் கற்ற நூலில் உண்டோ என்று எள்ளுகின்றனர். கண்ணகி செவிகளைப் பொத்திக்கொண்டு நடுங்குகிறாள். மதுரையை எரிக்கப்போகிறவள், இங்கே, ஒரு வெற்றுப் பேச்சின்முன் நடுங்கி நிற்கிறாள்! பேச்சுத்தானே, பட்டால் என்ன, காயமா படுகிறது என்று கேட்போர் இந்த இடத்தைப் படிக்க வேண்டும்.

கவுந்தி என்ன செய்தாள்? “குலமகள் காட்டுவழியில் ஏன் வந்தாய்?” என்று கண்ணகியைக் கேட்டாளா? “முகத்தை மூடிக்கொள்” என்றாளா? “காதில் வாங்காதே, நாம் போவோம்” என்றாளா? இல்லை. கோவலன் வாய் திறக்கும்வரை காத்திருக்கவுமில்லை. முதியவள், துறவி, உறவு எதுவுமற்றவள், அவள் பேசினாள். சீண்டியவரை நோக்கிப் பேசினாள். முள் நிறைந்த காட்டிலே நரியாகத் திரியுங்கள் என்று சபித்தாள். பின்னர் கோவலனும் கண்ணகியுமே இரங்கி வேண்ட, அத்தண்டனையைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தாள்.

பகுத்தறிவாளராகிய நாம் சாபத்தை நம்புவோரல்லர். சபித்தால் மனிதன் நரியாவதில்லை. ஆவதாயிருந்தால் திருப்பூரில் நரிக்கூட்டம் தாங்காது! கதையிலுள்ள அற்புதத்தைக் கழித்துவிடுவோம். கழித்தபின் மிஞ்சுவது என்ன? பக்கத்தில் நின்றவள் பேசினாள் என்ற ஒன்று. அந்த ஒன்றே நமக்கு வேண்டுவது. அந்த ஒன்றே பல்லடம் சாலையில் அன்றிரவு இல்லாமற் போனது.

அக்காட்சியில் இன்னொன்றும் உண்டு. “உனக்கு அக்கா தங்கை இல்லையா?” என்பது நம் ஊரில் கண்டிப்போர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. நல்லெண்ணத்தோடு கேட்கப்படுவதுதான். ஆனால் அதன் பொருள் என்ன? அக்காவாகவோ தங்கையாகவோ இருந்தால்தான் பெண்ணுக்கு மதிப்பு; ஓர் ஆணுக்கு உறவாகாதவள் தெருப்பொருள் என்பதன்றோ? கவுந்தியும் முதலில் உறவைச் சொல்லித்தான் பார்த்தாள். என் மக்கள் என்றாள். அந்த உறவையே பிடித்துக்கொண்டு எள்ளினர். உறவு காக்கவில்லை; நேருக்கு நேர் வந்த கண்டனமே காத்தது. எனவே, தோழர்களே, தங்கை என்பதால் விடு என்று கேட்காதீர்கள். அவள் ஒரு மனிதப் பிறவி, அவளுக்குத் தெரு சொந்தம், ஆகவே விடு என்று சொல்லுங்கள்.

“இலக்கியம் இருக்கட்டும், சட்டம் இல்லையா?” என்பர். இருக்கிறது. 1860-இல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே 509-ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தில் அது 79-ஆம் பிரிவு. பெண்ணின் நாணத்தை இழிவுபடுத்தும் நோக்கோடு பேசும் சொல், காட்டும் சைகை குற்றம் என்கிறது. நாணத்தை! அவளது உரிமையை அன்று, அமைதியை அன்று, நாணத்தை. வெள்ளையர் காலத்துச் சொல் இன்றும் நின்றிருக்கிறது. அவள் நாணம் உடையவளா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆராயத் தொடங்க இந்த ஒரு சொல் போதாதா?

1998 ஜூலையில் சென்னையில் எத்திராஜ் மகளிர் கல்லூரி மாணவி ஒருவர், ஆட்டோவில் வந்த இளைஞர்களின் ‘விளையாட்டால்’ கீழே விழுந்து, தலையில் அடிபட்டு உயிர் துறந்தார். தமிழகம் அதிர்ந்தது. அவ்வாண்டே தனிச்சட்டம் பிறந்தது. அதற்கு இட்ட பெயரைப் பாருங்கள்: ‘ஈவ்டீசிங்’ தடைச் சட்டம். ஈவ் என்பது ஏவாள். விலக்கப்பட்ட கனியை உண்டு ஆணையும் உண்ணச் செய்தவள் என்று விவிலியக் கதை பழிசுமத்தும் முதற்பெண். டீசிங் என்பது செல்லச் சீண்டல். ஓர் உயிர் போனபின் எழுதப்பட்ட சட்டத்தின் தலைப்பிலேயே, தூண்டியவள் அவள், செய்தது சீண்டல் என்ற பழைய எண்ணம் குடியேறியிருந்தது. 2002-இல் அச்சொல்லை நீக்கி, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று மாற்றினர். நல்ல திருத்தம். ஏட்டில் திருந்தியது, நாட்டில் திருந்தவில்லை. இன்றும் நாளிதழ்களில் ‘ஈவ்டீசிங்’, பேச்சிலே ‘கேலி, கிண்டல்’!

சட்டம் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 2022-இல் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, பேருந்தில் பெண் பயணியை முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது ஆகியனவும் குற்றமாக்கப்பட்டன. அத்தகையோனை இறக்கிவிடவும் காவல்நிலையத்தில் ஒப்படைக்கவும் நடத்துநருக்கு வழி செய்யப்பட்டது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தண்டனைகளைக் கடுமையாக்கியது. பிரான்சு நாட்டில் 2018 முதல் தெருவில் பெண்ணை இழித்துப் பேசினால் அபராதம் உண்டு. ஆனால் எந்தச் சட்டமும் சாட்சியின்றி நடவாது. சாட்சி யார்? தேநீர் ஆற்றியவர், பழம் அடுக்கியவர், பலகை படித்த நாம்!

1999 ஜூலையில் தென்காசியில் ஒரு நிகழ்ச்சி. இரவிலே பேருந்துக்குக் காத்திருந்த ஒரு பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒரு காவலர். துறை அவரைப் பணியிலிருந்து நீக்கியது. ஆனால் குற்ற வழக்கு நீதிமன்றம் சென்றபோது, அந்தப் பெண்ணும் அவர் கணவருமே பிறழ்சாட்சிகளாயினர், அவர் விடுதலையானார். ஏன் பிறழ்ந்தனர் என்று நாம் தீர்ப்பளிக்க வேண்டாம். ஊர் என்ன பேசும் என்று அஞ்சும் ஒரு குடும்பம் நீதிமன்றக் கூண்டில் என்ன பாடுபடும் என்பதை அறியாதவரா நாம்? உயர்நீதிமன்றம் ரத்துச் செய்த பணிநீக்கத்தை உச்சநீதிமன்றம் 2012 நவம்பர் 30 அன்று மீண்டும் உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பிலேயே நாடு முழுமைக்கும் சில கட்டளைகளைப் பிறப்பித்தது: பேருந்து நிலையங்களிலும் திரையரங்குகளிலும் சாதாரண உடையில் பெண் காவலர், கண்காணிப்புக் கருவி, எச்சரிக்கைப் பலகை, பெண்களுக்கு உதவித் தொலைபேசி. அவற்றோடு இன்னொன்றையும் சொன்னது: வழியில் செல்வோர் இத்தகைய நிகழ்ச்சியைக் கண்டால் காவல்நிலையத்துக்கோ உதவி எண்ணுக்கோ தெரிவிக்கும் பொறுப்பு அவர்களுக்கும் உண்டு.

இளங்கோ கவுந்தியைக் கொண்டு காட்டியதை உச்சநீதிமன்றம் கட்டளையாக எழுதியது. கேட்டவர் யார்?

இனி கம்பெனிக்குள் வருவோம். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் முதலாளி அனுப்பும் வண்டியையும் பணியிடமாகக் கொள்கிறது. கம்பெனி வேனில் ஒருவன் சீண்டினால் புகார்க் குழுவிடம் போகலாம். வேன் இல்லாத பவர்டேபிள் தொழிலாளி நடந்து செல்லும் தெருவுக்கு அந்தப் பாதுகாப்பு நீளவில்லை. 2019-இல் பன்னாட்டுத் தொழில் அமைப்பு நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கையோ, வேலைக்குச் செல்லும் வழியையும் திரும்பும் வழியையும் சேர்த்தே பேசுகிறது. உழைப்பின் எல்லை தொழிற்சாலை வாயிலோடு முடிவதில்லை என்ற உண்மையை அது ஏற்றுக்கொண்டது. எட்டரை மணிவரை வேலை வாங்கும் முதலாளிமாரைப் பார்த்து நாம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: சரக்கு துறைமுகம் சேரும்வரை லாரிக்குக் காப்பு தேடுகிறீர், சரக்கைத் தைத்தவள் வீடு சேரும்வரை என்ன செய்தீர்?

விடுதியில் பூட்டிவைத்தோம் என்பது விடையாகாது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்ததை நாடு அறியும். மூன்றாண்டு உழைத்தால் முடிவிலே மொத்தமாகப் பணம், அதுவரை விடுதியே உலகம் என்று எத்தனை இளம்பெண்கள் ஏற்றுக்கொண்டனர்! பெற்றோர் அவர்களை அங்கே அனுப்ப வறுமை ஒரு காரணம். “பாதுகாப்பாக இருப்பாள்” என்ற எண்ணம் மற்றொரு காரணம். தெருவிலே நிற்கும் விசில் மலிவு உழைப்புக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது. சீண்டியவனுக்குத் தெரியாது தான் யாருக்குத் தரகு பார்த்தோம் என்று!

பூட்டு பாதுகாப்பும் அன்று. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் பணிபுரிந்த இளம் தலித் பெண் ஒருவர் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளர்மீதே குற்றம் சாட்டப்பட்டது. அச்சாவுக்குப் பின், பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியது. 2022 ஏப்ரலில், ஆலைக்கு உரிமையான திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தோடும், எச் அண்ட் எம் என்னும் ஸ்வீடன் நாட்டு ஆடை நிறுவனத்தோடும் உடன்பாடு கையெழுத்தாயிற்று. ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என உலகம் அதை அழைத்தது. அதில் ஒரு கூறு நம் கருத்தைக் கவர்ந்தது. ஏறத்தாழ 25 தொழிலாளருக்கு ஒருவர் வீதம், தொழிலாளரிலிருந்தே கண்காணிப்போர். மேற்பார்வையாளன் வசைபொழிந்தால், கையைத் தொட்டால், அவளுக்காகப் பேசப் பக்கத்து இயந்திரத்திலேயே ஒருத்தி. பேசியதற்காக அவளைப் பழிவாங்கக்கூடாது என்ற விதி.

இருபத்தைந்து பேருக்கு ஒரு கவுந்தி! துறவி அல்லள், தையல் இயந்திரத்தில் அமர்ந்திருப்பவள். சாபம் அன்று, சங்கத்தின் கடிதம். இதுதான் இலக்கியத்தை வாழ்வுக்குக் கொண்டுவரும் வழி. ஆலைக்குள் முடிந்தது தெருவிலே முடியாதா?

முடியும் என்றே நாம் கருதுகிறோம். இதற்குப் பெரும் படை வேண்டாம். திருப்பூரின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு தேநீர்க் கடை உண்டு. ஒவ்வொரு தெருவிலும் ஒரு மன்றமோ படிப்பகமோ இளைஞர் குழுவோ உண்டு. எட்டு மணி முதல் ஒன்பதரை வரை இருவர் அங்கே நிற்கட்டும். அடிக்க வேண்டாம், அடிதடி தொடங்கினால் மீண்டும் பழி அவள்மீதே வரும். பெண்ணுக்குக் காவல் என்று சொல்லி அவளை விசாரிக்கவும் வேண்டாம்; எங்கே போகிறாய், யாரோடு பேசினாய் என்று கேட்கும் காவலன் இரண்டாவது தொல்லை. விசிலடித்தவனைப் பார்த்து, “தம்பி, நிறுத்து. அவர் உன்னிடம் பேசவில்லை” என்று நாலுபேர் கேட்கச் சொல்லுங்கள். அவள் பக்கம் திரும்பி, “அம்மா, புகார் கொடுக்க விரும்பினால் நான் சாட்சி வருகிறேன்” என்று சொல்லுங்கள். 181 என்ற எண்ணை, 112 என்ற எண்ணை, மனப்பாடம் செய்யுங்கள். அவள் விரும்பவில்லையென்றால் அதையும் மதியுங்கள். முடிவு அவளுடையது, சாட்சி நம்முடையது.

ஆசிரியராகிய நமக்கும் பாடம் உண்டு. பெண்பிள்ளைகளை வகுப்பு முடிந்ததும் “நேரே வீட்டுக்குப் போங்கள்” என்று நாள்தோறும் எச்சரித்து அனுப்பினோம். பையன்களை அழைத்து ஒருநாளாவது பேசினோமா? இல்லை. அன்று நிறுத்தத்தில் நின்ற மூவரும் எங்கோ ஒரு பள்ளியில் எவரோ ஓர் ஆசிரியரிடம் படித்தவர்கள்தாம். ஐந்திணையை மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டு வந்தவர்கள். கைக்கிளைக்கு விளக்கம் எழுதி மதிப்பெண் பெற்றுவிட்டு, வெளியே வந்து அதையே தொழிலாகக் கொண்டவர்கள். குற்றத்தில் வகுப்பறைக்குப் பங்கில்லை என்று எப்படிச் சொல்வோம்? இவ்வாண்டு நாடுகாண் காதையை வகுப்பிலே படித்துக் காட்டினோம். “கண்ணகி ஏன் காதைப் பொத்தினாள்?” என்று கேட்டோம். பையன்கள் சிரித்தனர். பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. பின் வரிசைப் பையன் ஒருவன் மட்டும், சிரிப்பை நிறுத்திவிட்டு, “சார், கோவலன் ஏன் ஒண்ணும் சொல்லல?” என்று கேட்டான். நமக்கு மருந்துக் கடைப் பலகை நினைவுக்கு வந்தது.

திருப்பூர்த் தெருவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1932 ஜனவரியில் இந்த ஊரின் தெருவிலேதான் குமரன் என்ற இளைஞன் தடியடிபட்டு வீழ்ந்தான். வீழ்ந்தும் கைக்கொடியை விடவில்லை. அவன் பெயரால் ஒரு சாலை, ஒரு நினைவிடம். தெருவில் ஓர் இளைஞன் எதற்காக நிற்க வேண்டும் என்பதற்கு அவன் ஒரு விடை சொல்லிவிட்டுப் போனான். அதே ஊர்த் தெருவில் இன்று நிற்கும் இளைஞனுக்குக் கொடி வேண்டாம், குருதி வேண்டாம். ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்ல நா எழவில்லையென்றால், குமரன் பெயரை உச்சரிக்க அந்த நாவுக்கு என்ன உரிமை?

2021 மே முதல் தமிழ்நாட்டு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வீட்டுக்குள் இருந்தவர்கள் வெளியே வந்திருக்கிறார்கள். வேலைக்கும், படிப்புக்கும், வெறுமனே ஊர் பார்க்கவும். கட்டணத்தை அரசு நீக்கிற்று. ஆனால் நிறுத்தத்திலே நிற்பதற்கு அவர்கள் கொடுக்கும் இன்னொரு கட்டணம் இருக்கிறதே, தலைகுனிவு என்ற கட்டணம், அதை நீக்க அரசால் மட்டும் ஆகாது. அதை வசூலிப்பவர் மூவர். வசூலிக்க விடுபவர் நாம் அனைவரும்.

நம் மாணவி இன்னும் அந்த விடுதியில்தான் இருக்கிறாள். அவள் தந்தையிடம் மீண்டும் சென்றோம். அஞ்சல்வழிப் படிப்பை அடுத்த ஆண்டு தொடர வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். “ஊர் பேசாம இருந்தாச் சரிங்க சார்” என்றார். ஊர் பேசத்தான் வேண்டும், தோழர்களே! இதுவரை அவளைப் பற்றிப் பேசிய ஊர், இனி அவனைப் பார்த்துப் பேச வேண்டும். அந்தப் பேச்சை எவரேனும் ஒருவர் தொடங்க வேண்டும். எட்டரை மணிக்கு, பல்லடம் சாலையில், அந்த நிறுத்தத்தில், நாம் நிற்கத் தொடங்கியிருக்கிறோம். பெயர்ப்பலகையைப் படிப்பதில்லை.